கார்ஃபீல்டுக்கு ஒரு நியாயம், சிந்துபாத்துக்கு ஒரு நியாயமா?

மேச்சேரி பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருக்கும் எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் காலை ஏழு மணிக்குப் போய் நின்று பாருங்கள். கடைக்கு வருவது ஒரே ஒரு தினத்தந்தி. படிப்பவர்கள் ஏழெட்டுப் பேர். பேப்பர் தாள் தாளாகப் பிரிந்து கைமாறிக் கொண்டே இருக்கும். முதல் பக்கம் ஒருத்தர் கையில், கொலை கொள்ளை எல்லாம் இன்னொருத்தர் கையில். கன்னித்தீவு இருக்கும் தாள் யாரிடமாவது போய்ச் சேரும். அவரும் டீ ஆறுவதற்குள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் தள்ளி விடுவார். அந்த நேரம் பார்த்து, காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கும் ஒரு பையன் எட்டிப் பார்த்து ஒரு கமெண்ட் அடிப்பான். "இன்னுமாண்ணா இந்தச் சிந்துபாத் ஊரு போய்ச் சேரல?"

கடையே சிரிக்கும். இந்தச் சிரிப்பு இன்று நேற்று வந்ததில்லை. அந்தப் பையனின் அப்பாவும் இதே ஜோக்கைத்தான் அடித்திருப்பார். கோர்ட்டில் கேஸ் இழுத்தால் கன்னித்தீவு. டிவி சீரியல் முடியாமல் ஓடினால் கன்னித்தீவு. பாலம் கட்டி முடிக்காமல் பாதியில் நின்றால் அதுவும் கன்னித்தீவு. ஒரு படக்கதையின் பெயர் தமிழில் ஒரு சொல்வழக்காகவே ஆகிவிட்டது. வேறு எந்தப் படக்கதைக்கும் இந்த மரியாதை கிடைத்ததில்லை, அவமரியாதையும் கிடைத்ததில்லை!

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே பையனின் பேக்கில் ஒரு ஆரஞ்சு நிறப் பூனை தொங்கிக் கொண்டிருக்கும். திங்கட்கிழமை காலையில் அவன் ஸ்டேட்டஸில் வைப்பதும் அந்தப் பூனைதான். கார்ஃபீல்டு என்றால் அவனுக்கு "லெஜண்டு". அந்த லெஜண்டும் 1978ஆம் ஆண்டிலிருந்து அதே லசான்யாவைத் தின்றுகொண்டு, அதே திங்கட்கிழமையைத் திட்டிக்கொண்டு, அதே நாயை மேஜையிலிருந்து உதைத்துத் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது என்பது மட்டும் அவனுக்கு உறைப்பதே இல்லை.

"கார்ஃபீல்டு காலத்துக்குத் தகுந்த மாதிரி மாறிச்சு. கன்னித்தீவு மாறவே இல்ல." இதுதான் அவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் முதல் பாதியை மட்டும்தான் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். இரண்டாவது பாதி, பார்க்காமலே அடித்துவிடுவது.

முதலில் பூனையைப் பார்ப்போம். அது மாறிய கதை உண்மையிலேயே சுவாரசியமானது.

ஜிம் டேவிஸ் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஒரு பண்ணையில் வளர்ந்தவர். வீட்டைச் சுற்றி இருபத்தைந்து பூனைகள் திரியுமாம். ஆனால் அவர் முதலில் படம் போட்டது பூனையை வைத்து இல்லை, ஒரு பூச்சியை வைத்து. அது ஓடவில்லை. பூச்சியோடு யார் ஒட்டுவார்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பி விட்டார்கள். மனுஷன் யோசித்தார். பேப்பர்களில் ஸ்நூப்பி, மார்மடியூக் என்று நாய்கள் நிறைய இருந்தன, பூனைக்கு இடம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தில்தான் 1978 ஜூன் 19 அன்று கார்ஃபீல்டு வந்து உட்கார்ந்தது. அன்று அதை வெளியிட்டவை 41 பேப்பர்கள்.

அந்த முதல் வருடத்துப் படங்களை இன்று பார்ப்பவர்களுக்கு அது கார்ஃபீல்டு என்றே தெரியாது. சாக்கு மூட்டை போல ஒரு உடம்பு. தொங்கும் தாடை. சின்னக் கண். அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத குட்டிக் கால்கள். நடந்தால் நாலு காலில்தான் நடக்கும். முகத்தில் ஒரு சிடுசிடுப்பு. குண்டாகவும் சோம்பேறியாகவும் யார் பேச்சையும் கேட்காமலும் இருக்கும் ஒரு வீட்டுப் பூனை, அவ்வளவுதான்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தாடை உள்ளே போனது. கண் பெரிதாகி இரண்டு கண்ணும் ஒட்டிக்கொண்டன. பிறகு பூனை எழுந்து நின்றது! இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1982இல் வந்த முதல் டிவி படத்துக்காகக் கார்ஃபீல்டை நிமிர்ந்து ஆட வைக்க வேண்டியிருந்தது. எப்படிப் போட்டாலும் டேவிஸுக்கு அது சரியாக வரவில்லை. பக்கத்தில் இருந்த பீநட்ஸ் சார்லஸ் ஷுல்ஸ் பார்த்துவிட்டு, பிரச்சினை அந்தக் குட்டிப் பூனைக் கால்தான் என்று சொல்லி, மனுஷப் பாதம் மாதிரி பெரிதாக வரைந்து காட்டினார். பூனைக்குப் பாதம் வந்தது, நின்றது, ஆடியது, அப்புறம் நாலு காலுக்குத் திரும்பவே இல்லை.

உடம்பு மட்டும் மாறவில்லை. ஜானோடு அதே வீட்டில் லைமன் என்று ஒரு நண்பன் தங்கியிருந்தான். ஓடி என்ற நாயே அவனுடையதுதான். 1983 வாக்கில் லைமன் காணாமல் போனான். ஏன், எங்கே என்று கதையில் ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. நாய் மட்டும் தங்கிவிட்டது. நம்ம ஊர் சீரியலில் இப்படி ஒரு பாத்திரத்தைக் காணாமல் அடித்தால் விடுவோமா?

இந்த மாற்றத்துக்கெல்லாம் காரணம் கலை மட்டும் இல்லை. அரசியல் வேண்டாம், ஊர் விவகாரம் வேண்டாம், சாப்பாடும் தூக்கமும் போதும் என்பதை டேவிஸ் தெரிந்தேதான் வைத்துக் கொண்டார். அப்படி இருந்தால்தான் எந்த நாட்டிலும் விற்கும். 1981இல் பாஸ் என்ற கம்பெனியை ஆரம்பித்தார். கார் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் பொம்மை, குவளை, பனியன், சினிமா என்று பூனை வளர்ந்தது. 2,500 பேப்பருக்கு மேல் போய்க் கின்னஸில் ஏறியது. 2019இல் வயாகாம் மொத்தமாக வாங்கிக் கொண்டது. பல வருடங்களாக அந்தப் படங்களை வரைவதற்கு உதவியாளர்கள் இருக்கிறார்கள். கையெழுத்து மட்டும் ஜிம் டேவிஸ்! ஆக, பூனையின் கால் நீண்டதும் கண் பெரிதானதும் பொம்மைக்கு நல்லதாய்ப் போயிற்று. பூனைக்கு நல்லதா என்பதை அந்த முதல் வருடத்து மூட்டைப் பூனையைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். சும்மா சொல்லக் கூடாது, சிரிப்பு அதில்தான் அதிகம்.

இப்போது சிந்துபாத்துக்கு வருவோம்.

கன்னித்தீவு தினத்தந்தியில் 1960இல் தொடங்கியது. கார்ஃபீல்டை விடப் பதினெட்டு வயது மூத்தது. பத்திரிகையை 1942இல் மதுரையில் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் லண்டனில் பாரிஸ்டர் படித்தவர். சாதாரண ஆட்கள் படிக்கும் பேப்பர் எப்படி இருக்கும் என்பதை அங்கே பார்த்தவர். எழுத்துக் கூட்டிப் படிப்பவனுக்கும் புரிய வேண்டும் என்பதுதான் அந்தப் பத்திரிகையின் கொள்கை. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அன்றைய சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். அந்தக் காலத்தில் தினமும் படம் போட்டுக் கதை சொல்வது என்றால் அது வெறும் பொழுதுபோக்கு இல்லை. படத்தைப் பார்க்க வந்தவன் கீழே இருக்கும் இரண்டு வரியையும் படிப்பான். நாலு நாளில் அந்த வரி பழகிவிடும். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களுக்குக் கன்னித்தீவு இரண்டாவது அரிச்சுவடியாக இருந்திருக்கிறது. ஓவியர் கணுவின் கோட்டில்தான் அது நடந்தது. ஜிம் டேவிஸ் பிறந்த ஊர் வரை சொல்லும் பையன்களிடம் "கணு யார்?" என்று கேட்டுப் பாருங்கள்.

"அதெல்லாம் சரி, ஏன் முடியவே மாட்டேங்குது?"

ஆயிரத்தொரு இரவுக் கதைகளில் வரும் சிந்துபாத் ஒரு வியாபாரி. ஏழு தடவை கடலில் போகிறான், ஏழு தடவையும் பாக்தாத்துக்குத் திரும்பி வந்து காசு பணத்தோடு உட்கார்ந்து கதை சொல்கிறான். தினத்தந்தி சிந்துபாத்துக்கு அந்தத் திரும்புதல் கிடையாது. மூசா என்ற மந்திரவாதி லைலாவைச் சின்ன உருவமாக ஆக்கி விடுகிறான். அவளைப் பழைய உருவத்துக்குக் கொண்டு வர வேண்டும். இந்த ஒரு வேலைக்காகப் புறப்பட்டவனுக்கு ஒரு தீவு போனால் இன்னொரு தீவு, ஒரு அரக்கன் செத்தால் இன்னொரு அரக்கன், நடுவில் யாரோ ஒரு ராஜா, அந்த ராஜாவுக்கு ஒரு துரோகி மந்திரி. திரும்பி வராத சிந்துபாத் என்பதே தமிழில் செய்த மாற்றம்தான். மாறவே இல்லை என்கிறவர்கள் முதல் நாளே நடந்த இந்தப் பெரிய மாற்றத்தைக் கவனிக்கவில்லை.

அது ஏன் மெதுவாக நகர்கிறது என்பதற்கு அந்த டீக்கடையே பதில். ஒரு நாளைக்குக் கிடைப்பது இரண்டு மூன்று கட்டம். முதல் கட்டத்தில் நேற்று என்ன நடந்தது என்று ஞாபகப்படுத்த வேண்டும். கடைசிக் கட்டத்தில் நாளைக்கு ஒரு ஆபத்தை வைக்க வேண்டும். நடுவில் மிஞ்சுகிற கொஞ்சம் இடத்தில்தான் கதை நகர முடியும். படிக்கிறவனோ தினமும் பேப்பர் வாங்குகிறவன் இல்லை. இன்றைக்கு அவன் கைக்கு அந்தத் தாள் வரும். நாளைக்கு வராது. நாளன்றைக்குச் சந்தை, கடைப் பக்கமே வர மாட்டான். மூன்று நாள் விட்டுப் பார்த்தாலும் கதை புரிய வேண்டும். வேகமாக ஓடியிருந்தால் வீட்டுக்குப் பேப்பர் வரவழைக்கிறவனுக்கு மட்டும்தான் கன்னித்தீவு சொந்தமாகி இருக்கும். கார்ஃபீல்டுக்கு இந்தத் தலைவலி இல்லை. மூன்று கட்டம், ஒரு ஜோக், அன்றைக்கே முடிந்தது. மறுநாள் பூனை திரும்பவும் தூங்கும். இது வேறு வேலை, அது வேறு வேலை. அதில் ஒன்று ஒசத்தி, இன்னொன்று மட்டம் என்பது என்ன நியாயம்?

நியாயம் என்றதும் லிஸ் ஞாபகம் வருகிறாள். கார்ஃபீல்டின் டாக்டர். 1979இல் கதைக்குள் வந்தாள். வந்த நாளிலிருந்து ஜான் அவள் பின்னால் அலைகிறான், அவள் மூக்குடைத்து அனுப்புகிறாள். 2006இல்தான் இருவரும் ஒன்று சேர்ந்தார்கள். நடுவில் இருபத்தேழு வருடம்! ஜான் இருபத்தேழு வருடம் காத்திருந்தால் அது ரசனை. சிந்துபாத் காத்திருந்தால் அது அறுவை. :-)

எண்ணிக்கையையும் பார்த்து விடலாம். ஷுல்ஸ் 1950 அக்டோபரிலிருந்து 2000 பிப்ரவரி வரை பீநட்ஸ் வரைந்தார். மொத்தம் 17,897. உலகமே கையெடுத்துக் கும்பிட்ட எண்ணிக்கை அது, கும்பிட வேண்டியதுதான், ஒற்றை ஆளாக வரைந்தார். 1960இலிருந்து நாள் தவறாமல் வரும் கன்னித்தீவு இருபதாயிரத்தை எப்போதோ தாண்டிவிட்டது. கணுவுக்குப் பிறகு வேறு கைகளுக்குப் போனது. கறுப்பு வெள்ளையாக இருந்தது வண்ணத்துக்கு வந்தது. கை மாறினால் கோடு மாறும், கோடு மாறினால் முகம் மாறும். பெரியவர்கள் சிலர் "பழைய சிந்துபாத் மூஞ்சி வேற" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அதை நிரூபிக்க அவர்கள் கையில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

கன்னித்தீவில் குறையே இல்லை என்று யாரும் சொல்ல வரவில்லை. குறை நிறைய இருக்கிறது. அரக்கன் போனால் அரக்கன் என்று ஒரே அச்சில் வார்த்த அத்தியாயங்கள் உண்டு. எல்லாவற்றையும் விட லைலா. ஒரு பெண்ணைச் சின்ன உருவமாக்கி, ஒரு ஆண் அவளைக் காப்பாற்றுவதற்காகவே வைத்திருக்கும் கதை. இதைப் பற்றி எழுத நம் பெண்கள் கல்லூரிகளில் ஆள் இல்லையா? இருக்கிறார்கள். அமெரிக்கக் கார்ட்டூனில் பெண் பாத்திரங்கள் என்று செமினார் பேப்பர் எழுதுகிறார்கள். இதற்கு எழுதுவதில்லை. ஏனென்றால் எழுத வேண்டும் என்றால் முதலில் படிக்க வேண்டும். படிக்க வேண்டும் என்றால் பழையது கிடைக்க வேண்டும்.

வயிறெரிவது இங்கேதான்.

மேச்சேரி ஆடு என்றால் இந்தியா முழுக்கப் பெயர். செம்பழுப்பு நிறம், குட்டை முடி, கொம்பு கிடையாது, தோலுக்கு நல்ல விலை. சந்தையில் ஆடு வாங்க வருகிறவர் என்ன செய்வார்? வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். எத்தனை பல் போட்டிருக்கிறது என்று பார்த்து வயதைச் சொல்லிவிடுவார். பல்லைப் பார்க்காமல் விலை பேசினால் பக்கத்தில் நிற்பவர் சிரிப்பார். ஆட்டுக்கே இவ்வளவு பார்க்கிற ஊரில், அறுபது வருடத்துக் கதை ஒன்றைப் பல்லைப் பார்க்காமலே தள்ளுபடி செய்கிறார்கள்.

பார்க்கத்தான் முடியுமா? கார்ஃபீல்டின் முதல் நாள் படத்திலிருந்து இன்றைய படம் வரை இணையத்தில் தேதி போட்டுக் கிடக்கிறது. 1978க்கும் 1984க்கும் நடுவில் பூனையின் வயிறு எவ்வளவு இளைத்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். லைமன் எங்கே போனான் என்று உட்கார்ந்து சண்டை போடலாம். டான் வால்ஷ் என்பவர் 2008இல் படங்களிலிருந்து பூனையை மட்டும் அழித்து, ஜான் தன்னந்தனியாகப் புலம்புவதைப் போல ஆக்கி இணையத்தில் போட்டார். டேவிஸ் கோபப்படவில்லை, அதே ஆண்டில் அது புத்தகமாகவும் வந்தது. பழைய படம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்ததால்தானே அவரால் விளையாட முடிந்தது?

மேச்சேரியில் ஒருவருக்கு 1965 கன்னித்தீவைப் பார்க்க ஆசை வந்தால் எங்கே போவார்? ஊர்ப்புற நூலகத்தில் பழைய பேப்பர் சேர்ந்தால் எடைக்குப் போடுவார்கள். டீக்கடைப் பேப்பர் அன்று சாயங்காலமே வடைக்கு அடியில் போய்விடும். வீட்டுப் பேப்பர் மாதக் கடைசியில் தராசில் ஏறும். இருபதாயிரம் நாள் வந்த கதையில் ஒரு சாதாரண வாசகன் கைக்கு எட்டுவது இந்த மாதத்துக் கட்டு மட்டும்தான்.

புத்தகமாக வந்தவற்றுக்கு இந்தக் கதி இல்லை. 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. அதைத் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்தவர்கள் இருக்கிறார்கள், பல மடங்கு விலை கொடுத்துத் தேடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். மறுபதிப்பும் வந்தது. தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் 1984இல் தொடங்கி 2005இல் நின்றது. அதற்கும் பழைய புத்தகக் கடையில் ஆள் காத்திருக்கிறார்கள். அட்டை போட்டு வந்தால் பெட்டிக்குள் போகும். செய்தித்தாளில் வந்தால் பஜ்ஜிக்கு எண்ணெய் ஒற்றப் போகும். கதையின் தரத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, தாளின் தரம்தான் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

கடல் தாண்டிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள். அந்தத் தமிழர்கள் 2005இல் நூலகம் என்ற இணையத் திட்டத்தை ஆரம்பித்துப் பழைய பத்திரிகை, துண்டுப் பிரசுரம் முதற்கொண்டு தேடித் தேடி ஸ்கேன் செய்து போட்டு வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். இங்கே யாரும் எதையும் எரிக்கவில்லை. எடைக்குப் போட்டு முடித்துவிட்டார்கள்.

இருபதாயிரத்தையும் ஒரே நாளில் ஸ்கேன் செய்யச் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒரு மாதம் என்று எடுத்தால் கூடப் போதும். மூசா எப்போது கதையிலிருந்து விலகினான், லைலாவின் முகம் எந்த வருடம் மாறியது, கணுவின் கோடு எங்கே நின்று அடுத்தவர் கோடு எங்கே ஆரம்பித்தது, எல்லாம் தெரிந்துவிடும். அதைச் செய்ய வேண்டியவர்கள் பத்திரிகைக்காரர்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். இல்லாவிட்டால் வீட்டில் பார்க்கலாம். இந்தப் பக்கத்து வீடுகளில் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும், அதன் அடியில் விரித்திருப்பது பழைய தினத்தந்திதான். அலமாரித் தட்டில் விரித்ததும், தாத்தாவின் ஜாதகத்தைச் சுற்றி வைத்ததும் அதேதான். அதில் கன்னித்தீவு இருக்கும் பக்கம் மாட்டினால் தேதி தெரிகிற மாதிரி போனில் ஒரு போட்டோ எடுத்து இணையத்தில் ஏற்றுங்கள். கட்டத்துக்கு மேல் இருக்கும் எண்ணையும் சேர்த்து எடுங்கள். தாள் பழுப்பேறி இருந்தால் வெயிலில் வைத்து எடுக்க வேண்டாம், நிழலில் எடுத்தால் கோடு நன்றாகத் தெரியும்.